வாயிற்பதிவேட்டில் இல்லாத கேள்விகள்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநகரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆள்கடத்தல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிச் செல்லப்படும் குழந்தைதான். அப்படியும் நடக்கிறது. ஆனால் பெருநகரங்களில் இந்தக் குற்றம் பல வேளைகளில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு வாக்குறுதியில் தொடங்கி, நன்கு தெரிந்த ஒருவரே கைப்பிடித்து அழைத்துவர, பட்டப்பகலில் நம் குடியிருப்பின் வாயிலில் பெயரெழுதிவிட்டே உள்ளே நுழைகிறது. அதனால்தான் இந்த மடலைக் காவல்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டு, 2003 டிசம்பர் 25இல் நடைமுறைக்கு வந்த, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான பலேர்மோ நெறிமுறையின்படி, சுரண்டும் நோக்கத்தோடு, மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவருடைய வேறு வழியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொண்டோ அவரை ஆள்சேர்ப்பது மட்டுமல்ல, ஓரிடத்தில் வைத்திருப்பதும் பெற்றுக்கொள்வதும்கூட ஆள்கடத்தலே. இவ்வழிகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால், ‘அவளே சம்மதித்துத்தான் வந்தாள்’ என்ற வாதம் செல்லாது. 18 வயது நிரம்பாதவரானால் மிரட்டலையோ ஏமாற்றையோ காட்டவும் தேவையில்லை. ‘ஓரிடத்தில் வைத்திருப்பது’ என்ற சொற்களில்தான் நாம் வருகிறோம். அந்த இடம் நம் மாடியிலுள்ள ஒரு வீட்டின் பின்னறையாக இருக்கலாம்.

நான் முன்பு வசித்த கட்டடத்தில், எதிர்வீட்டுப் பின்மாடத்தில் ஒரு சிறுமி விடியும் முன்பே துணி துவைப்பதையும், இரவு விளக்கணைந்த பிறகும் பாத்திரம் துலக்குவதையும் ஏறத்தாழ ஓராண்டு பார்த்திருக்கிறேன். அவள் வெளிவாயிலைத் தாண்டிப் போனதை ஒருநாளும் பார்த்ததில்லை. சொந்தக்காரப் பெண் என்றார்கள். நானும் நம்பினேன், அல்லது நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஒருநாள் அவள் அங்கே இல்லை. அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

சங்கிலியும் பூட்டும் இல்லாமலே ஒருவரை அடைத்துவைக்க முடியும். அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ ‘பத்திரமாக’ வாங்கி வைத்துக்கொள்வது, கொடுத்த முன்பணத்தைக் காட்டிச் சம்பளத்தை மாதக்கணக்கில் நிறுத்துவது, கைப்பேசியைப் பறிப்பது, வெளியே போனால் காவலர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று அச்சுறுத்துவது ஆகியவையே போதும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அறிகுறிகளாகக் குறிப்பிடும் 11இல் ஆவணங்களைப் பிடித்துவைத்தல், ஊதியத்தை நிறுத்துதல், கடனால் கட்டிப்போடுதல், தனிமைப்படுத்துதல் ஆகியனவும் அடங்கும். 2021ஆம் ஆண்டுக்கான அவ்வமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். ஓர் அறிகுறியைக் கண்டதுமே குற்றம் நடந்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று ஒன்றாகத் தென்பட்டால் பேசாமல் கடந்துபோகக் கூடாது.

நம் சங்கங்கள் பலவற்றில் வீட்டு வேலைக்கு வருபவரின் புகைப்படமும் அடையாள அட்டை நகலும் வாங்கப்படுகின்றன. அவரால் நமக்கு ஆபத்து வரக்கூடும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். நம்மால் அவருக்கு ஆபத்து உண்டா என்று அந்தப் பதிவேடு கேட்பதில்லை. அசல் அட்டை யாரிடம் இருக்கிறது, சம்பளம் அவர் கைக்கே போகிறதா, வார விடுமுறை உண்டா, வீட்டோடு தங்குபவரானால் தம் குடும்பத்தாரோடு தனியே பேச முடிகிறதா, அழைத்துவந்த முகவர் யார் என்ற கேள்விகளையும் வேலைக்கு வைப்பவரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நம் சங்கமே ஒப்பந்தம் கொடுத்திருக்கும் காவல், துப்புரவுப் பணிகளிலிருந்து இதைத் தொடங்குவதுதான் நேர்மை. குறைந்த தொகை கேட்டவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையில் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

ஆண்டுதோறும் ஜூலை 30, ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாளன்று ஒரு சுவரொட்டி ஒட்டுவதோடு விழிப்புணர்வு முடிந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டு உரிமையாளர்களை மட்டும் கூட்டி உரை நிகழ்த்துவதும் போதாது. யார் எந்த நேரத்தில் வந்தார், யார் வெளியே வருவதே இல்லை என்பதை அறிந்தவர்கள் வாயிற்காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும்தான். அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். தகவல் சொன்னதற்காக அவர்களுடைய வேலை போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். உதவி எண்களை வேலை செய்பவர்கள் படிக்கக்கூடிய மொழிகளில், மின்தூக்கியிலும் பணியாளர் கழிப்பறையிலும் ஒட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சந்தேகம் வந்ததும் கூட்டமாகக் கதவைத் தட்டுவதும், வேலைக்கு வைத்திருப்பவரை அங்கேயே விசாரிப்பதும், பாதிக்கப்பட்டவரைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அவரை மேலும் ஆபத்தில் தள்ளும். அன்றிரவே அவர் வேறிடத்துக்கு மாற்றப்படலாம். பார்த்ததை நாள், நேரத்தோடு குறித்துவைத்து, காவல்துறைக்கோ தொழிலாளர் துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ உடனே தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் வாயிற்பதிவேட்டுத் திருத்தத்தையும் ஒப்பந்தப் பணியாளர்களின் ஊதியத்தையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் சங்கத்துக்கு இதே கோரிக்கையைக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஓர் அடுக்ககத்தில் வசிப்பவர்