இரண்டு வடிவங்களுக்கு மட்டுமே சரி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிதாகரஸுக்கு முன்பே வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் கண்ட தமிழ்ச் சூத்திரம் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களில் பெரியதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சிறியதில் பாதியைக் கூட்டினால் செங்கோணத்துக்கு எதிரேயுள்ள பக்கமான கர்ணமாம். பிள்ளைகள் இதைப் பிதாகரஸ் தேற்றத்துக்கு மாற்று என்று நம்பிவிடக் கூடாது.

பக்கங்கள் 4, 3 என்றால் 3.5 + 1.5 = 5. பக்கங்கள் 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13. இரண்டும் கச்சிதம். ஆனால் 15, 8 போட்டுப் பாருங்கள்: 17 வர வேண்டிய இடத்தில் 17.125 வரும். 24, 7 போட்டால் 25க்குப் பதில் 24.5. சூத்திரமும் தேற்றமும் எங்கே ஒத்துப்போகும் என்று இருபடிச் சமன்பாடு அமைத்துத் தீர்த்தால் விடை இரண்டுதான்: சிறிய பக்கம் பெரியதில் 3/4 பங்கு, அல்லது 5/12 பங்கு. இவ்விரண்டுக்கும் இடையில் விடை சற்றுக் கூடும். வெளியே போனால் குறையும். பக்கங்களை மாற்றிப் போட்டாலோ 3-4 முக்கோணத்துக்கே 4.625 தான்.

10 அடிக்கு 10 அடி அறைக்கு வானம் தோண்டக் கயிறு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூலைவிட்டம் 14 அடி 1.7 அங்குலம் இருக்க வேண்டும். சூத்திரம் தருவது 13 அடி 9 அங்குலம். அந்த அளவுக்குப் பிடித்தால் மூலை 87 பாகைக்கும் சற்றுக் கீழே போய்விடும். சுவரின் மறுமுனை ஆறரை அங்குலம் உள்ளே வந்துவிடும். டைல்ஸ் ஒட்டும்போது ஓரத்துக் கற்களை ஆப்பு மாதிரி சீவ வேண்டி வரும்.

கொத்தனார்கள் 3-4-5 பிடித்து மூலை பார்ப்பது முற்றிலும் சரி. அது தேற்றத்தின் மறுதலை: பக்கங்கள் அப்படி அமைந்தால் மூலை செங்கோணம்தான். ஆனால் பெரிய மனைக்கு 3, 4, 5 அடி போதாது. ஐந்தடிக் கர்ணத்தில் டேப் கால் அங்குலம் பிசகினால் 40 அடிச் சுவரின் முனை நாலு அங்குலம் விலகும். 9-12-15 அடி பிடித்தால் அதே பிசகு ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும்.

பக்கங்களின் உறவு நீளங்களுக்கு இடையே நேரடியாக இல்லை, அவற்றின் மேல் வரையும் சதுரங்களின் பரப்புகளுக்கு இடையே இருக்கிறது. பக்கங்கள் 1, 1 என்றால் கர்ணத்தின் மேலுள்ள சதுரத்தின் பரப்பு 2. பரப்பு 2 உள்ள சதுரத்தின் பக்கத்தை எந்தப் பின்னத்தாலும் எழுத முடியாது. எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும் அதை எப்படித் தரும்?

தோராயக் கணக்கு என்ற அளவில் இது அழகானதுதான். உங்கள் மாணவர் பக்கத்தில் இதை வெளியிட நேர்ந்தால் 3-4-5, 5-12-13 ஆகியவற்றோடு 8-15-17ஐயும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

- கணித ஆசிரியர், தஞ்சாவூர்