வெள்ளிக்கிழமை வேல்ஸ் பாடல்கள்

நண்பர்களே, வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் நாளை (மார்ச் 1) ஒட்டி, நம் நாட்டுப்புறப் பாடல் மன்றத்தில் இந்த வெள்ளி மாலை 7.30க்கு வேல்ஸ் பாடல்கள் பாடுகிறோம். வழக்கமான மாடி அறைதான். ஆளுக்கு இரண்டு பாட்டு.

வேல்ஷ் மொழி தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். 1784இல் ஹார்ப் (யாழ் போன்ற நரம்புக் கருவி) கலைஞர் எட்வர்ட் ஜோன்ஸ் அச்சிட்ட ‘ஆர் ஹீட் அ நோஸ்’ பாட்டில் தலைப்புதான் திரும்பத் திரும்ப வரும்; கேட்டதும் சேர்ந்துகொள்ளலாம். ரக்பி மைதானங்களில் கூட்டமே பாடும் ‘கலோன் லான்’ உண்டு. அதை நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடினால்தான் அழகு, அதனால் கனத்த குரல்காரர்கள் கட்டாயம் வாருங்கள்! கடைசியில், 1856இல் வேல்ஸின் பொன்டிப்ரித் ஊரில் தந்தை எழுதி மகன் மெட்டமைத்த வேல்ஸ் நாட்டுப்பண்.

வரிகளை நாளை இங்கே போடுகிறேன். ஹார்ப் கொண்டுவருபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், இடம் ஒதுக்க வேண்டும்.