துணைப் பாத்திரம் தேவைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குறும் அனிமேஷன் படம் எடுக்கும் மாணவர்கள் பலர், நாயகனை வரைந்த கையோடு அழகுக்காக ஒரு தோழனையும் சேர்த்துவிடுகிறார்கள். திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 2 நிமிடத்துக்கு 1,440 ஓவியங்கள். தோழன் படம் முழுக்க வந்தால் இன்னொரு 1,440! ஆகவே முதலில் ஸ்டோரிபோர்டிலிருந்து, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்துவைத்த கதைப்பலகையிலிருந்து, அவனை நீக்கிப் பாருங்கள். கதை நகர்ந்தால் அவன் வேண்டாம். எங்கே தடுக்கி நிற்கிறதோ, அதுவே அவன் வேலை. உருவமும் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

இருவரையும் முழுக் கறுப்பாக நிரப்பி, நகம் அளவுக்குச் சுருக்குங்கள். யார் எவர் என்று குழம்பினால் வடிவம் தவறு. நாயகன் உருண்டை என்றால் தோழன் ஒல்லியாக, கோணலாக இருக்கட்டும். நிறம் மூன்று போதும், நாயகனைவிட மங்கலாக.

கோடுபோட்ட சட்டை வேண்டவே வேண்டாம். ஓவியத்துக்கு ஓவியம் கோடுகள் இம்மி நகர்ந்து, திரையில் நடுங்கும். ஒரு தோளில் மட்டும் பை மாட்டினால், உருவத்தை இடவலமாகத் திருப்பும்போது பையும் தோள் மாறிவிடும். முன், முக்கால், பக்கம், பின் என 4 கோணங்களோடு உயர ஒப்பீட்டுத் தாளும் தயாரான பிறகே அசைவைத் தொடங்க வேண்டும்.

– ஓர் அனிமேஷன் பயிற்றுநர்