ஸ்கோர்போர்டின் முதுகில் யாருக்கு ஸ்கோர்?

நகரமைப்புப் பிரிவு அதிகாரிகளுக்கும், பள்ளி நிர்வாகத்துக்கும், பணம் திரட்டிக் கொடுத்த முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

பள்ளி மைதானத்தில் எல்இடி ஸ்கோர்போர்டு வைக்க விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்தும்விட்டோம். ஆனால் மனு பாஷையில் ‘மேற்படி’, ‘பொருட்டு’ என்று எழுதியதில் சொல்ல வந்தது பாதி அமுங்கிப்போனது, அதனால்தான் இந்தத் திறந்த மடல். எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

ஸ்கோர்போர்டே வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. இப்போது இருப்பது கறுப்பு பெயிண்ட் அடித்த ஒரு பிளைவுட் பலகை, அதில் வரிசையாக ஆணி, தகரத்தில் எழுதிய எண்களை ஒரு பையன் ஸ்டூல் மேல் ஏறி மாட்டுவான். ஒன்பது எழுதிய தகரம் எப்போதோ தொலைந்துவிட்டது, ஆறைத் தலைகீழாக மாட்டிச் சமாளிக்கிறார்கள், காற்று அடித்தால் அதுவும் சுழன்று மறுபடி ஆறாகிவிடும். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி, கூடைப்பந்தில் 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும், எவ்வளவு பாக்கி என்பது மேசையில் உட்கார்ந்திருக்கும் சாருக்கு மட்டும்தான் தெரியும். என் பெண்ணும் அங்கே கபடி ஆடுகிறவள்தான். கிரிக்கெட்டில் சின்னப்பம்பட்டி நடராஜனும் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் பெரியவடகம்பட்டி மாரியப்பனும் வந்த சேலம் மாவட்டம் இது, பிள்ளைகளுக்கு நல்ல பலகை கிடைத்தால் வயிற்றெரிச்சல் படுகிற ஆள் நான் இல்லை.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை என்றால், வரைபடத்தைப் பாருங்கள். திரை ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கம். ஒன்று மைதானத்தைப் பார்க்கிறது, இன்னொன்று அதன் முதுகில், காம்பவுண்டுக்கு வெளியே மெயின் ரோட்டைப் பார்க்கிறது. சிக்னலில் நிற்கிற டவுன் பஸ்ஸுக்கு எதற்குங்க எட்டாம் வகுப்பு கபடி ஸ்கோர்? நகைக்கடையும் துணிக்கடையும் ஓடப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கு நாலு காசு வரட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் ‘விளையாட்டு உபகரணம்’ என்று எழுதிவிட்டு ரோட்டுக்கு விளம்பரம் காட்டினால், கல்வி உபயோகம் என்று வகைப்படுத்திய நிலத்தில் வணிகம் நடக்கிறது என்றுதானே அர்த்தம்? விளம்பரப் பலகைக்குத் தனி உரிமம் உண்டு, கட்டணம் உண்டு. சின்ன டீக்கடைக்காரர் வாசலில் போர்டு வைத்தால் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேளுங்கள் என்கிறோம், அவ்வளவுதான். நீள அகலத்தை அளப்பதற்கு முன்னால், போட்டி இல்லாத நாளில் அதில் என்ன ஓடும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இந்த முதுகுத் திரைக்காகத்தான் பலகையை மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் நடுகிறார்கள், ஏனென்றால் ரோடு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்படி நட்டால் முன்முகம் மேற்கே பார்க்கும், அதாவது போட்டி நடக்கிற சாயங்கால நேரத்தில் சேலத்து வெயில் நேராகத் திரையில் வந்து விழும், அதை மீறி எழுத்து தெரிய வேண்டுமானால் பளிச்சென்ற திரை வேண்டும். திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; வெளியில் வைக்கிற திரைகள் 5,000 நிட்ஸும் அதற்கு மேலும் வெளிச்சம் தரக்கூடியவை, ராத்திரிக்குச் சில நூறு நிட்ஸே தாராளம். இருட்டியதும் யார் குறைப்பார்கள்? வாட்ச்மேனா? மேற்கே இருப்பது நாங்கள்: ஒரு சுவர், ஒரு சந்து, அப்புறம் வீடுகள். போன விளையாட்டு விழாவுக்கு வாடகைக்கு ஒரு திரை கொண்டுவந்தார்களே, அன்று எங்கள் மாடிச் சுவர் வேட்டி விளம்பரத்துக்கு வெள்ளையாகவும் குளிர்பான விளம்பரத்துக்குச் சிவப்பாகவும் மாறிக்கொண்டே இருந்தது. மே மாதப் புழுக்கத்தில் பாதித் தெரு மொட்டைமாடியில்தான் பாய் போடும்.

தெற்கு ஓரத்தில், கேன்டீனை ஒட்டி நட்டு வடக்கே பார்க்க வைத்தால் என்ன? மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்காது, எதிரே இருப்பது பள்ளியின் வகுப்பறைக் கட்டடம், ராத்திரி அங்கே யாரும் தூங்கப்போவதில்லை. ரோட்டுக்குத் தெரியாது என்பது ஒன்றைத் தவிர அந்த இடத்தில் எனக்கு வேறு குறை தெரியவில்லை. நிர்வாகத்துக்கு வேறு காரணம் இருந்தால் சொல்லட்டும்.

காற்று விஷயத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கோடை மழைக்கு முன்னால் இங்கே எப்படிச் சுழற்றி அடிக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகையின் சட்டகம் சரிந்து தொழிலாளர்கள் 3 பேர் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் விழுந்த பலகை 17 உயிர்களைக் கொண்டுபோனது; அங்கே 40க்கு 40 அடிதான் அனுமதி, நின்றதோ 120க்கு 120. நம் பலகையின் அடியில் உட்காரப்போவது பிள்ளைகள். மண் பரிசோதனையும், ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி காற்றழுத்தக் கணக்கும் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் திரை என்றால் எடையும் கூடும்.

ஸ்பீக்கரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். பள்ளிக்கும் அந்த விதி பொருந்தும்.

முன்னாள் மாணவர் அண்ணன்மார்களே, உங்கள் நல்ல மனசைக் குறை சொல்லவில்லை. அதே மைதானத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதையும் இதோடு கேட்டால் சண்டைக்காரன் என்பீர்கள், அது வேறு மடல்.

அதிகாரிகளுக்குக் கடைசியாக. முதுகுத் திரையை நீக்கி, பலகையைத் தெற்கே மாற்றி, போட்டி நாளில் மட்டும் ஓடும், இரவு 9 மணிக்கு அணையும், இருட்டினால் தானாக வெளிச்சம் குறையும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தால், ஆட்சேபனை மனுவை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். கள ஆய்வுக்கு வழக்கம்போலக் காலை 11 மணிக்கு வராதீர்கள், அந்த நேரத்தில் எந்தத் திரையும் சாதுவாகத்தான் தெரியும். ஏழு மணிக்கு மேல் வாருங்கள், அந்த வாடகைத் திரையை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், எங்கள் மாடியில் நின்று பாருங்கள். சந்துக்குள் ஜீப் நுழையாது, பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.