இந்த வாரம் சான்டானா

நண்பர்களே, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், சரி, இந்த வாரம் நாம் கேட்கப்போவது கிட்டார் கலைஞர் கார்லோஸ் சான்டானாவின் அமெரிக்க ராக் இசைக்குழுவான சான்டானாதான்.

முதலில் 1969 வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் வாசித்த ‘சோல் சாக்ரிஃபைஸ்’ வீடியோவைப் பாருங்கள். அப்போது அவர்களுடைய முதல் ஆல்பம்கூட வெளிவரவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் மைக்கேல் ஷ்ரீவுக்கு வயது 20. அவர் தனியாக வாசிக்கும்போது சத்தம் அப்படியே அடங்கி, வெறும் மெல்லிய தட்டலாகி, மறுபடி ஏறும் இடத்தைத் தவறவிடாதீர்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் 1970இல் வந்த ‘அப்ராக்ஸஸ்’ ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். 1999இல் ‘சூப்பர்நேச்சுரல்’ வந்தபோது, பெற்றோர் கொண்டாடிய இந்தக் குழுவைப் பிள்ளைகளும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஷ்ரீவ் உட்படப் பழைய ஆட்கள் சிலர் 2016இல் ‘சான்டானா 4’ ஆல்பத்துக்காகத் திரும்பி வந்ததும் ரசிகர்களுக்குத் திருவிழாதான்.

உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, ஏன் என்று ஞாயிறு இரவுக்குள் குரல்பதிவாகப் போடுங்கள்.