ஏழும் ஏழும் ஆறும்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக்கூட இப்போது தானே படித்துக்கொள்கிறார். உன்னைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார். அக்கா மகன் புதுச்சேரியில் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். சனிக்கிழமைகளில் அவனை பஸ்ஸில் அழைத்துப் போய் வருவது என் பொறுப்பு.

'ராக் இசையில் தாளம் ஏது, நான்கு அடியை ஓங்கி அடிப்பதுதானே' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். மிருதங்கத்தில் கை வைத்தவன் நீ சொன்னதால் விட மனம் வரவில்லை. பெரும்பாலான ராக் பாடல்கள் நான்கில் நடப்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கை விட்டு வெளியே போனவர்களும், அதை விடாமலே அதன்மேல் வேறொன்றை ஓடவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நீ கேட்டே ஆக வேண்டும்.

கனடாவின் 'ரஷ்' குழுவில் மூன்று பேர்தான். 1981-இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' தொகுப்பில் 'ஒய் ஒய் இசட்' என்று வாய்ப்பாட்டே இல்லாத ஓர் உருப்படி இருக்கிறது. அந்த மூன்று எழுத்துகள் டொரண்டோ விமான நிலையத்தின் குறியீடு. விமானிகளுக்கான வானொலிச் சமிக்ஞையில் அது மோர்ஸ் குறியாக ஒலிக்கும். அந்த ஒலியையே தொடக்கத் தாளமாக்கிவிட்டார்கள். ஒய் என்றால் கோடு, புள்ளி, கோடு, கோடு. இசட் என்றால் கோடு, கோடு, புள்ளி, புள்ளி. புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு இரண்டு என்று கூட்டிப் பார்: ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது. நான்கு மாத்திரைக்கு ஓர் அட்சரம் என்ற சதுஸ்ர நடையில் ஐந்து அட்சரம் கச்சிதமாக அடங்கிவிடுகிறது!

பையன் இதை ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணித் தடுமாறிக்கொண்டிருந்தான். பஸ் கன்னியக்கோயிலைத் தாண்டும்போது நான் சொல்லிக் காட்டினேன்: தாம் கி தாம் தாம், தாம் கி தாம் தாம், தாம் தாம் தக. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னான். தவளக்குப்பம் வருவதற்குள் கை தானாகப் போட ஆரம்பித்துவிட்டது. இருபதை எண்ணுகிறவனுக்கு அது கணக்கு. ஏழு, ஏழு, ஆறு என்று வாயால் சொல்கிறவனுக்குத்தான் அது தாளம். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, அடுக்கு. 'லெட் செப்பெலின்' குழுவின் 'காஷ்மீர்', 1975. ஜிம்மி பேஜின் கிதார் மூன்று அடிக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் நான்கைவிட்டு அசையவில்லை. கிதார் நான்கு சுற்றும் டிரம்ஸ் மூன்று சுற்றும் முடிந்து, பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து விழுகின்றன. எங்கள் தெருவில் ஒரு தவில்காரப் பெரியவர் இருக்கிறார். ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் இதைப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கூடு மாட்டி மாட்டித் தழும்பேறிய வலக்கை விரல்கள் தொடையில் நான்கைப் போட்டன. இடக்கைக் கட்டைவிரல் விரல் கணுக்களில் மூன்று மூன்றாக நகர்ந்தது. இரண்டும் சேரும் இடத்தில் தலையை மட்டும் அசைத்தார். பாட்டு முடிந்ததும், "டிரம்ஸ்காரர் நகரவே இல்லை, தம்பி. அதனால்தான் மற்றது நகர்வது காதில் விழுகிறது" என்றார்.

எனக்கு அதைவிடச் சரியான விளக்கம் இதுவரை கிடைத்ததில்லை. சுற்றுக்குச் சுற்று தாளத்தை மாற்றிக்கொண்டே போகும் குழுக்கள் பல உண்டு. கை பிரமாதமாக ஓடும், ஆனால் நிற்க ஓர் இடம் இல்லாததால் எதுவும் மனத்தில் தங்குவதில்லை. ஸ்வீடனின் 'மெஷுகா' குழு அப்படியல்ல. பேரிரைச்சல்தான், உன் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். சிம்பல் நான்கில் நிற்க, கிதாரும் காலால் அடிக்கும் டிரம்மும் 'தாம் கி தாம் தாம்' போல ஒற்றைப்படை நீளமுள்ள ஒரு சொற்கட்டை அதன் குறுக்கே ஓட்டுகின்றன. ஆனால் கணக்கு வைத்து முடிக்கும் நம் கோர்வை போல, சுற்று தொடங்கும் இடமான சமத்தில் கொண்டுவந்து இறக்குவதில்லை. பல இடங்களில், குறித்த சுற்று முடிந்ததும் சொற்கட்டைப் பாதியில் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். உனக்கு அது பொறுக்காது. எனக்கு அந்த வெட்டு பிடித்திருக்கிறது. சமத்தில் வந்து முடியும் தீர்மானத்தின் நிறைவு வேறு, இந்த அதிர்ச்சியின் சுகம் வேறு.

'பிங்க் ஃப்ளாய்ட்' 1973-இல் தந்த 'மணி' பாடலும் கேள். ஏழில் நடக்கிறது. சாக்ஸபோனும் ஏழிலேயே வாசிக்கிறது. கிதார் தனியாக வாசிக்கும் பகுதி வந்ததும் தாளம் நான்காகிவிடுகிறது, பிறகு மீண்டும் ஏழு.

ஜான் மெக்லாக்லின் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். மின் கிதாரோடு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ஜாகிர் உசேனின் தபலாவோடும் உட்கார்ந்தார். நம் சங்கதி அங்கே போயிருக்கிறது என்று பெருமைக்காகச் சொல்லவில்லை. தாளம் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு போனார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நாமும் இங்கிருந்து கொஞ்சம் போகலாமே.

பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருநாள் ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் நடக்கிறது. அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்கு நீ நோட்டில் எழுதி வைத்திருந்தாயே, அந்தக் கோர்வையைச் சொற்கட்டோடு அனுப்பு. பையன் டிரம்ஸில் வாசிக்கப் பழகட்டும். எந்தச் சொல்லைக் காலுக்குக் கொடுப்பது, எதைக் கைக்குக் கொடுப்பது என்று உன் யோசனையையும் பக்கத்திலேயே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்