மகனுக்கு, திராய்மடுவிலிருந்து

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ கோல் எடுத்து இன்றோடு முப்பத்தாறு நாள். வேலை கூட என்று தெரியும், குறை சொல்ல எழுதவில்லை. வட்ஸ்அப்பில் போட்டால் நீ பார்த்துவிட்டாயா என்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் தாளில் எழுதி, சனிக்கிழமை டுபாய்க்குப் பிளேன் ஏறும் பக்கத்து வீட்டுப் பெடியனிடம் ஒட்டிக் கொடுக்கிறேன்.

நீ கடைசியாகப் போட்ட படத்தை அம்மா அயல் முழுக்கக் காட்டினாள். அந்த யொட், பணக்காரரின் சொகுசுப் படகு, அதன் வெள்ளைப் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அதற்குள் துணியோடு நிற்கிற உன் முகம் தெரிகிறது. ‘என் பிள்ளை துடைத்த துடைப்பு’ என்று அவளுக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனால் நான் பெரிதாக்கிப் பார்த்தது உன் கன்னத்தை. ஒட்டிப்போய்க் கிடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் காயப்போடாதே. கடன் மட்டும் வாங்காதே.

அன்றைக்கு நீ கேட்டாய்: “நாற்பது வருஷம் கடலுக்குப் போனீங்களே அப்பா, என்ன கண்டீங்க? இந்த யொட்டுக்காரர் ஒரு கிழமைக்கு அடிக்கிற டீசல் காசை நீங்க ஆயுசுக்கும் காணல்ல.” நான் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னது பொய் என்று கோபமில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோது, வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுத் தலையில் கை வைத்திருந்தேனே, அதை நீ பார்த்தவன். அதற்குப் பிறகுதானே பாஸ்போட்டுக்கு அலைந்தாய். உன்னைப் போகவிட்டது நான்தான்.

அசாம் என்ற அந்தக் கப்பல் 180 மீற்றர் நீளம் என்றாய். நம் பதினெட்டடி வள்ளத்தை முப்பத்திரண்டு தரம் வரிசையாய் வைத்தாலும் காணாது. அமேசன்காரர் பெசோசின் பாய்க்கப்பல் வெளியே போவதற்காக ரொட்டர்டாமில் பழைய பாலமொன்றின் நடுப்பகுதியையே கழற்றக் கேட்டார்கள், காசிருந்தால் பாலமும் வழிவிடும் என்றாய். ஆனால் அந்த ஊர்ச் சனம் கூழ் முட்டையோடு வருவோம் என்று நின்றதும், கடைசியில் பாலத்தைத் தொடாமலே பாய்மரம் பூட்டாத கப்பலை வேறு வழியால் இழுத்துப் போனதும் உண்மைதானே? கல்லடிப் பாலத்தைக் கடக்கும் போதெல்லாம் எனக்கு அந்தச் சனத்தின் ஞாபகம்தான் வருகிறது.

பார்க்கக்கூடாத செய்தியும் பார்த்தேன். 2024 ஓகஸ்டில் சிசிலிக் கரையோரம் நங்கூரம் போட்டு நின்ற பேசியன் என்ற பாய்க்கப்பல், 56 மீற்றர், விடியப்புறம் அடித்த காற்றில் சில நிமிஷத்தில் தாண்டது. 22 பேரில் 7 பேர் போய்விட்டார்கள். பணக்காரரும் அவருடைய பதினெட்டு வயது மகளும்கூட. முதலில் கிடைத்தது சமையல்காரரின் உடல். அவரைப் பெற்றவளை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. நீ படகு துடைக்கிறவன், ஓடுகிறவன் இல்லை என்று தெரியும். என்றாலும் ஆராவது கூட ஓடக் கூப்பிட்டால் எங்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போ.

மறுகா, அத்தான் ஒரு கதை சொன்னார். அங்கே பெடியன்மார் ஏதோ போனுக்குள் காசு போட்டு இரட்டிப்பாக்குகிறார்களாம், அதற்கு வட்டிக்கும் எடுக்கிறார்களாம். உன் பேரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடன் மட்டும் வாங்காதே.

இதைச் சொல்ல எனக்கு வாயில்லை, மகன். ஏனென்று எழுதுகிறேன்.

2011 ஆடி அமாவாசை. காய்ச்சல் என்று உன்னை வீட்டில் விட்டுவிட்டு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போனோம். வந்து பார்த்தால் அலுமாரிக்குள் அக்காவின் சங்கிலி இல்லை. கதவைத் திறந்துபோட்டுப் பந்தடிக்கப் போனாய் என்று பூவரசங் கம்பால் அடித்தேன். “பூட்டினேன் அப்பா” என்று மூன்று தரம் சொன்னாய். மூன்றாம் தரம் நீ அழவில்லை.

சங்கிலியை எடுத்தது நான். இரண்டு நாளைக்கு முன்பே ஈடு வைத்துவிட்டேன்.

என்னோடு கரைவலை இழுத்தவன் ஒருவன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாள் படகுக்கு முதலாளி ஆகியிருந்தான். ஐஸ் அறையும் வயர்லெஸ்ஸும் வைத்த நீலப் படகு. அதைப் பார்த்துவிட்டு வந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வயிறு எரிந்தது. நம் வள்ளத்தில் கீரி மீன் நிறைய வந்த நாளிலும் அது எனக்கு மீனாகத் தெரியவில்லை. அப்படியொரு படகில் பங்கு தருகிறேன் என்று வேறொருவன் சொன்னதும் காசைக் கொடுத்தேன். நாலு ஓட்டம். ஐஸுக்கும் டீசலுக்கும் கையிலிருந்துதான் போனது. பங்கும் போய், சங்கிலியும் ஈட்டில் மூழ்கிப்போனது.

திருடன் வந்தான் என்றே அம்மா இன்னும் நம்புகிறாள். அந்தச் சங்கிலி இல்லாமல்தான் அக்காவின் கலியாணம் நடந்தது. அதற்கும் அவள் உன்னைத்தான் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அந்த அடிக்குப் பிறகு நீ என்னோடு ஒரு நாளும் கடலுக்கு வரவில்லை. படிக்கிறான் என்று ஊருக்குச் சொல்லி வந்தேன்.

நீ பூட்டித்தான் போனாய், மகன். இந்தப் பதினாலு வருஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லப்போகிறேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே உனக்குக் கடன் ஏதும் இருந்தால் தொகையை மட்டும் எழுது, எப்படி வந்தது என்று கேட்கமாட்டேன். எஞ்சின் நல்ல நிலையில்தான் இருக்கிறது, வாங்க ஆள் உண்டு.

கதைக்க மனமில்லாவிட்டால் ஒரு மிஸ்ட் கோல் போடு. இரவு பத்து மணி வரை முழித்திருப்பேன்.

அப்பா